சாட்சி சொல்ல ஒருவர்

"இதனால் என்ன பிரயோஜனம்?" என்ற கேள்வியை நம் வீடுகளில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்கிறோம் என்று யாராவது எண்ணிப் பார்த்தால் நல்லது. தீப்பெட்டிப் படம் சேர்க்கும் பையனைக் கேட்கிறோம். மாடியில் புறா வளர்க்கும் தம்பியைக் கேட்கிறோம். ஐம்பது வயதுக்கு மேல் வீணை கற்றுக்கொள்ளப் புறப்பட்ட அத்தையையும் கேட்கிறோம். கேட்கிறவர்களுக்குப் பதில் வேண்டியதில்லை. கேள்வியே தீர்ப்புத்தான். காசு வருகிறது என்றால் சரி; புண்ணியம் வருகிறது என்றால் அதைவிடச் சரி. உடம்புக்கு நல்லது என்று ஒரு டாக்டர் சொல்லிவிட்டால், விடியற்காலையில் தெருவில் கைகளை வீசிக்கொண்டு பின்புறமாக நடப்பவரைக்கூட யாரும் பார்த்துச் சிரிப்பதில்லை. இந்த மூன்றிலும் சேராத ஓர் ஆசையை ஒரு மனிதன் வைத்துக்கொண்டால், அதற்கு அவன் பிறருக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவனா? சொல்லத்தான் வேண்டுமென்றால் எந்த வார்த்தையில் சொல்லுவது?

இந்தக் கேள்வி சில மாதங்களாக என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம், எங்கள் செம்பரம்பாக்கத்தில் இருக்கும் ஒரு சிநேகிதர்.

செம்பரம்பாக்கத்துக்கு ரயில் கிடையாது. ஏரி உண்டு. சென்னையில் இருப்பவர்கள் குழாயைத் திருப்பும்போது நினைக்காவிட்டாலும், ஐப்பசி கார்த்திகையில் "இருபத்துநாலு அடியில் இன்றைக்கு எத்தனை அடி?" என்று பத்திரிகையில் தேடும்போது நினைத்துக்கொள்கிற ஏரி. 2015 டிசம்பருக்குப் பிறகு, அடையாற்றங்கரையில் குடியிருக்கிறவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே முகம் மாறுகிறது. அது வேறு கதை. ரயில் பார்க்க வேண்டுமானால் ஆவடிக்கோ திருநின்றவூருக்கோதான் போக வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் ஒரு ரயில் பைத்தியம் எப்படி முளைத்தது என்று எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது.

சிநேகிதர் தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபதைத் தாண்டிவிட்டார். வாரத்தில் ஒரு நாள் டப்பாவில் தயிர்சாதமும், தோளில் ஒரு காமிராவும், சட்டைப் பையில் ஒரு நோட்டுப் புத்தகமுமாகப் பஸ் ஏறிவிடுவார். பிளாட்பாரம் டிக்கெட் வாங்காமல் அவர் ஸ்டேஷனுக்குள் நின்றதே இல்லை. பிளாட்பாரத்தின் கோடியில், கூரை முடிந்து வெயில் ஆரம்பிக்கிற இடத்தில் போய் நிற்பார். வருகிற வண்டியைப் படம் பிடிப்பார். இஞ்சின் எண், வந்த நேரம், பெட்டிகளின் எண்ணிக்கை இவற்றை நோட்டில் எழுதுவார். சாயங்காலம் வீடு திரும்புவார். அவ்வளவுதான். அந்தப் படங்களை அவர் விற்றதில்லை, பந்தயத்துக்கு அனுப்பியதில்லை, சுவரில்கூட மாட்டியதில்லை.

ஒரு தடவை நானும் கூடப் போயிருந்தேன். இஞ்சின் நெற்றியில் எழுதியிருக்கும் எழுத்துக்களுக்கு அவர் ஜாதகம் பார்ப்பது போலப் பலன் சொன்னார். டபிள்யூ என்றால் அகலப் பாதை. ஏ என்றால் ஏ.சி. மின்சாரம், பி என்றால் பிரயாணிகள் வண்டி, ஜி என்றால் கூட்ஸ். "டபிள்யூ.ஏ.பி. ஏழு" என்று சொல்லும்போது அவர் குரலில், "எங்க பெரியம்மா பேரன்" என்று சொல்லும் சொந்தம் இருந்தது. 1856 ஜூலை முதல் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டதே தென்னிந்தியாவின் முதல் பிரயாணிகள் ரயில், அது போனது இந்த வழியாகத்தான் என்று தண்டவாளத்தைக் காட்டினார். அன்றைய தண்டவாளம் அல்ல என்பது அவருக்குத் தெரியாதா? ஆனாலும் காட்டினார். 2025 மார்ச்சில் பூந்தமல்லியில் ஓட்டுநர் இல்லாத மெட்ரோ ரயிலைச் சோதனைக்காக ஓட்டியபோது, சாலையில் நின்று பார்த்துவிட்டு வந்தவர், "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, சார். ஆனா யாருக்குக் கையை ஆட்டறது?" என்று கேட்டார்.

தண்டவாளத்தில் நின்றுகொண்டு, பின்னால் வண்டி வரும்போது தன் முகத்தைத் தானே படம் பிடித்து உயிரை விடுகிற பிள்ளைகளை இவரோடு யாரும் சேர்த்துவிடக் கூடாது. அவர்கள் ரயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

சென்ற வருஷம் அவர் மகனைப் பார்க்க வெளிநாடு போனார். எந்த நாடு என்பது வேண்டாம். எந்த நாடாகவும் இருந்திருக்கலாம். மகன் ஆபீசுக்குப் போய்விட்டான்; மருமகளும் வேலைக்குப் போய்விட்டாள். குடியிருப்புக்குச் சற்றுத் தொலைவில் தண்டவாளத்தின் மேலாக ஒரு பாலம். அங்கே நின்று பார்க்க டிக்கெட் வேண்டாம், யாருடைய வாசலையும் மிதிக்க வேண்டாம். நீளமான கூட்ஸ் வண்டி ஒன்று தார்ப்பாய் மூடிய சரக்குடன் மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது. நம்மவருக்குக் கேட்க வேண்டுமா? பெட்டி பெட்டியாகப் படம் பிடித்தார், எண்களை எழுதிக்கொண்டார். மூன்றாவது நாள் பாலத்தின் மேல் ஒரு கார் வந்து நின்றது.

அடிக்கவில்லை, மிரட்டவில்லை. நாற்காலி கொடுத்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். ஏன் படம் எடுத்தாய் என்று கேட்டார்கள். "எனக்கு ரயில் பிடிக்கும்" என்றார். யாருக்காக எடுத்தாய் என்றார்கள். "யாருக்காகவும் இல்லை" என்றார். ஏன் எண்களை எழுதினாய் என்றார்கள். அதற்கும் அதே பதில். முப்பது வருஷம் தாலுகா ஆபீஸில் மனுக்களுக்குக் காரணம் எழுதிப் பழகியவருக்கு, இந்த ஒன்றுக்கு வேறு காரணம் கிடைக்கவில்லை. மகனை வரவழைத்தார்கள். நோட்டுப் புத்தகம் தமிழில் இருந்ததால், அதை அவனே படித்து மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று. அவன் அரை மணி நேரம் படித்தான். பத்து நாற்பது, நாற்பத்திரண்டு பெட்டி. பதினொன்று ஐந்து, முப்பத்தெட்டு பெட்டி. நோட்டில் அதைத் தவிர ஒன்றும் இல்லை. படிக்கப் படிக்க அவன் முகம் சிவந்துகொண்டே வந்ததாம்.

"உங்கள் தகப்பனார் இதை எதற்காகச் செய்கிறார்?" என்று அதிகாரி அவனைக் கேட்டார்.

அவனுக்கு அங்கே உத்தியோகம். மனைவி, இரண்டு குழந்தைகள். வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டிய விசா. ஒரு விநாடி தயங்கிவிட்டு, "அப்பாவுக்கு வயதாகிவிட்டது. சில காலமாகப் புத்தி நிதானத்தில் இல்லை" என்றான்.

படங்களை அழித்துவிட்டு, காமிராவையும் நோட்டையும் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதிகாரி எழுந்து வந்து கதவைத் திறந்துவிட்டாராம். தோளைத் தொட்டு ஆதரவாக ஏதோ சொன்னாராம்.

"நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், சார். பயமே இல்லை" என்று சிநேகிதர் என்னிடம் சொன்னார். "பையன் அதைச் சொன்னதும் எல்லார் முகத்திலேயும் ஒரு நிம்மதி வந்தது பாருங்க. அதைத்தான் தாங்க முடியலே."

அந்த அதிகாரிகளைப் பற்றிக் கடுமையாக ஏதாவது எழுதுவேன் என்று வாசகர் எதிர்பார்க்க வேண்டாம். இப்படிப்பட்ட சங்கடம் உலகத்துக்குப் புதிதல்ல. 2001 நவம்பரில் கிரீஸ் நாட்டில், விமானங்களைப் பார்த்து எண் குறிப்பதையே பொழுதுபோக்காகக் கொண்ட பன்னிரண்டு பிரிட்டிஷ்காரர்களையும் இரண்டு டச்சுக்காரர்களையும் வேவு பார்த்ததாகப் பிடித்து வைத்தார்கள். ஏறக்குறைய ஐந்து வாரம் சிறை, பிறகு ஜாமீன். 2002 ஏப்ரலில் எட்டுப் பேருக்கு மூன்று வருஷமும் ஆறு பேருக்கு ஒரு வருஷமும் தண்டனை விதித்தது கோர்ட்டு. அவ்வருஷம் நவம்பரில் மேல்கோர்ட்டு அத்தனை பேரையும் விடுதலை செய்தது. விமான எண் எழுதிய நோட்டுப் புத்தகங்கள்தான் அவர்களுக்கு எதிராக நின்றன; விடுமுறைக்கு வேறு தேசம் போய் விமானத்தின் வால் எண்ணை எழுதிக்கொண்டு வருவதில் ஒருவனுக்கு என்ன இன்பம் இருக்க முடியும் என்பதை விளங்கவைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. நம் டில்லியிலேயே 2010-ல், விமான நிலையத்துக்கு அருகில் ஒரு ஹோட்டலில் தங்கி இதே வேலையைச் செய்த இரண்டு பிரிட்டிஷ்காரர்கள் பிடிபட்டு, சுமார் இரண்டு மாதம் ஊர் திரும்ப முடியாமல் தவித்து, அபராதம் கட்டிவிட்டுப் போனார்கள். எல்லாவற்றையும்விட வேடிக்கை 2008 டிசம்பரில் நியூயார்க்கில் நடந்தது. ஆம்ட்ராக் என்ற அமெரிக்க ரயில்வே நிறுவனம் ரயில் புகைப்படப் போட்டி ஒன்று நடத்தியது. அந்தப் போட்டிக்காக அந்த நிறுவனத்தின் ரயிலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தவரை அந்த நிறுவனத்தின் போலீசாரே கைது செய்தார்கள்!

இங்கிலாந்தின் கதை வேறு விதமானது. 1940-ல், ஜெர்மானியர் வந்து இறங்கினால் எந்த ஊர் என்று தெரியக் கூடாது என்பதற்காக ஸ்டேஷன்களின் பெயர்ப் பலகைகளைக் கழற்றினார்கள். யுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே, 1942-ல், இயான் ஆலன் என்ற இளவயது ரயில்வே குமாஸ்தா தென்பகுதி இஞ்சின்களின் எண்களை எல்லாம் பட்டியல் போட்டுச் சிறு புத்தகமாக வெளியிட்டார். ஊரின் பெயர் ரகசியம். இஞ்சினின் எண் ரகசியமல்ல! புத்தகம் விற்றுத் தீர்ந்தது. பையன்கள் பென்சிலும் கையுமாக ஸ்டேஷன்களுக்குப் படையெடுத்தார்கள். அந்தத் தேசத்தில் எரிக் டிரேஸி என்று ஒரு பிஷப் இருந்தார். நீராவி இஞ்சின் படங்களுக்குப் பேர்போனவர். 1978 மே மாதம், நீராவி வண்டி ஒன்றுக்காக ஆப்பிள்பி ஸ்டேஷனில் காத்திருந்தபோது மாரடைப்பில் இறந்துபோனார். அவரை யாரும் "ஏன் படம் எடுக்கிறீர்?" என்று கேட்டிருக்கமாட்டார்கள் என்பது என் அபிப்பிராயம். பதவி சில கேள்விகளைக் கேட்கவிடாமல் தடுத்துவிடும். தாலுகா ஆபீஸ் பென்ஷனுக்கு அந்தச் சக்தி கிடையாது.

இருக்கட்டும். வெளிநாட்டுக்காரர் ஒருவர் நம் ஆவடிக்கு வந்து, காமிராவும் நோட்டுமாக நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சுற்றிலும் டாங்கித் தொழிற்சாலை, ராணுவ உடைத் தொழிற்சாலை, விமானப் படை நிலையம். பக்கத்தில் பட்டாபிராமிலிருந்து பிரிந்து போகும் பாதையில் உள்ள ஸ்டேஷனுக்குப் பெயரே மிலிட்டரி சைடிங். அந்தப் பெயரை மட்டும் ரயில் பிரியர் ஒருவர் தம் நோட்டில் எழுதிவைத்தால் போதும், நம் சப் இன்ஸ்பெக்டர் நாற்காலியைவிட்டு எழுந்துவிடுவார். 1923-ல் வெள்ளைக்காரன் போட்ட அரசாங்க ரகசியச் சட்டம் இன்னும் நம்மிடம் இருக்கிறது. அரசாங்கம் அறிவித்தால் ஒரு ரயில் பாதையும் தடை செய்யப்பட்ட இடம் ஆகலாம். நம் மக்கள் மட்டும் என்ன? "யாருய்யா நீ, எதுக்கு எடுக்கறே?" என்று முதலில் கேட்பவர் டீக்கடைக்காரராகத்தான் இருப்பார்.

அந்தக் கேள்வியில் நியாயமும் இருக்கிறது. 2004-ல் மாட்ரிட்டிலும், 2006-ல் பம்பாயிலும் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்த ஜனங்கள் ரயில் பெட்டிகளுக்குள்ளேயே நூற்றுக்கணக்கில் மாண்டார்கள். 2014 மே முதல் தேதி நம் சென்ட்ரல் ஸ்டேஷனில் வந்து நின்ற கவுஹாத்தி வண்டியில் குண்டு வெடித்து ஓர் இளம் பெண் இறந்தாள். அந்தக் காரியங்களைச் செய்தவர்களும் அதற்கு முன்னால் யாரோ ஒரு மூலையில் நின்று நேரம் பார்த்திருப்பார்கள், பெட்டியை எண்ணியிருப்பார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு ஆசையும் சதியும் ஒரே மாதிரி நிற்கின்றன. ஒரே மாதிரி எழுதிக்கொள்கின்றன. ஆகவே, "என் மனத்தில் களங்கமில்லை, அது போதும்" என்று சொல்லிக்கொண்டு அயலான் வீட்டில் நம் இஷ்டப்படி நிற்க முடியாது. அந்த வீட்டுக்காரன் எப்போது பயந்தான், எதற்காகப் பயந்தான் என்பதை விருந்தாளி கொஞ்சமாவது தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். இதைச் சிநேகிதரிடமே சொன்னேன். ஒப்புக்கொண்டார். "கேட்டது தப்பில்லே, சார்" என்றார்.

அப்படியானால் தப்பு எங்கே?

வேற்றூரில் அகப்பட்டுக்கொண்ட நிரபராதி என்றால் நமக்குக் கோவலன் ஞாபகம் வராமல் இருக்காது. புகார் நகரத்து மனிதன் மதுரைக்கு வருகிறான். கையில் இருப்பது தன் மனைவியின் சிலம்பு என்பது அவனுக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. யாரும் அவனைக் கேட்கவுமில்லை. கேட்டிருந்தாலும் அவனால் என்ன நிரூபித்திருக்க முடியும்? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு சிலம்பும் ஒன்றுதான். நிரூபித்தவள் கண்ணகி. தன் சிலம்புக்குள்ளே பரல் மாணிக்கம் என்பதை அவள் அறிந்திருந்தாள். அரசனுடைய சிலம்பில் முத்து. உடைத்தாள், வழக்கு முடிந்தது. அவளுடைய கோபத்தைப் பற்றியும் கற்பைப் பற்றியும் நாம் மேடை மேடையாகப் பேசியிருக்கிறோம். உள்ளே இருப்பது என்ன என்று அவள் தெரிந்துவைத்திருந்தாள் என்ற சிறிய விஷயத்தை அவ்வளவாகப் பேசுவதில்லை.

ஆசையை உடைத்துக் காட்ட முடியாது என்பது உண்மைதான். ஒருவனுக்கு ஒன்றின்மேல் உள்ள பிரியத்தை அவனே எடுத்துச் சொன்னால் அது சாட்சியமாகாது, உளறலாகத்தான் கேட்கும். கூட இருப்பவர் சொன்னால் அது வேறு. "ஆமாம், அவருக்கு ஐம்பது வருஷமாக இதுதான். இந்த எழுத்துக்கு இந்த அர்த்தம். சின்ன வயதில் என்னையும் தோளில் வைத்துக்கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார்" என்று மகன் நாலு வாக்கியம் சொல்லியிருந்தால் அந்த அதிகாரி நம்பியிருப்பாரோ, மாட்டாரோ. நம்பியிருக்கமாட்டார் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அந்த நாலு வாக்கியம் மகனிடம் இல்லை. நோட்டுப் புத்தகத்தை அவன் முதல் தடவையாகப் பிரித்ததே அந்த அறையில்தான்.

அந்தப் பையன் பொய் சொன்னானா என்பதையும் நான் பல நாள் யோசித்தேன். தகப்பனை மீட்பதற்காகச் சொன்னது. அதைக் குற்றம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. விசாவும் குழந்தைகளும் நமக்கு வேண்டுமானால் சின்ன விஷயமாகத் தோன்றலாம்; அந்த நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு அல்ல. உண்மையைச் சொல்லித் தகப்பனை உள்ளே இருக்க விடுவதா, மானத்தை விற்று வெளியே கொண்டுவருவதா என்றால், நூற்றுக்குத் தொண்ணூறு மகன்கள் இரண்டாவதைத்தான் செய்வார்கள், செய்யவும் வேண்டும். ஆனால் பொய் என்றால் சொல்லுகிறவனுக்கு அது பொய் என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? அங்கேதான் எனக்கு உறுத்துகிறது. "ரயில் பைத்தியம்" என்று அந்த வீட்டில் அவரைச் சொல்லாதவர்கள் கிடையாது. மனைவி இருந்தபோது அவர் சொல்லியிருக்கிறார், மகன் சொல்லியிருக்கிறான், இந்தக் கட்டுரையில் நானும் சொல்லியிருக்கிறேன். தமிழில் அது செல்லச் சொல். சினிமாப் பைத்தியம், கிரிக்கெட் பைத்தியம், காபிப் பைத்தியம் என்று எல்லாரையும் சொல்லுகிறோம். பல வருஷம் வீட்டில் புழங்கிய அந்தச் சொல், வேறொரு பாஷையில், போலீஸ் அறையில், வாக்குமூலமாக வந்து நின்றது. மகன் கஷ்டப்பட்டுக் கற்பனை செய்ய வேண்டியிருக்கவில்லை. வாயில் தயாராக இருந்தது.

காசு, புண்ணியம், ஆரோக்கியம் இந்த மூன்றுக்கும் அப்பால் நம்மிடம் இருக்கும் ஒரே அறை பைத்தியம்தான் போலிருக்கிறது. அந்த அதிகாரியிடமும் அறைகள் குறைவு. ஒன்று ஒற்றன், மற்றது பைத்தியம். முதல் அறையிலிருந்து இரண்டாவது அறைக்கு மாற்றியதும் அவருக்கு நிம்மதி வந்துவிட்டது. அவருக்காவது நம்மவர் அந்நியர். பார்த்துப் பழகி நாலு மணி நேரம்தான் ஆகியிருந்தது.

"ஏன், நீங்களே பையனுக்கு இதெல்லாம் சொல்லிக்கொடுத்திருக்கலாமே?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"சொல்ல ஆரம்பிச்சேன், சார், அவன் சின்னவனா இருக்கும்போது. பரீட்சைக்கு உதவுமான்னு கேட்டான். உதவாதுன்னேன். விட்டுட்டோம்."

ஊர் திரும்பிய பிறகு அவர் சில வாரங்கள் ஆவடிப் பக்கம் போகவில்லை. முழங்கால் வலி என்றார். பிறகு போக ஆரம்பித்துவிட்டார். காமிராவை மட்டும் எடுத்துப் போவதில்லை. நோட்டு இருக்கிறது. சென்ற வாரம் அதை வாங்கிப் பார்த்தேன். பக்கம் பக்கமாக எண்கள். அந்த வெளிநாட்டு நாளுக்கு உரிய பக்கமும் இருக்கிறது; அன்று இரவு எழுதியதாம். பாலத்திலிருந்து பார்த்த வண்டிகள் இரண்டு. எண், நேரம், பெட்டிக் கணக்கு. அதற்குக் கீழே, "அறையில் ஜன்னல் இல்லை. சத்தத்தில் மூன்று. இரண்டு கூட்ஸ். ஒன்று தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறார். மகன் சொன்னதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.